நாலாவது அத்தியாயத்தை அச்சுக்குக் கொடுக்காதே

விழுப்புரம்,
வியாழக்கிழமை காலை.

என் அன்பு மகள் கலைப்பிரியாவுக்கு உன் அம்மா கெங்கம்மாள் எழுதுவது. நானும் உன் அப்பாவும் உடம்பளவில் சுகம். அவருக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது, எனக்கு முட்டிவலி மாத்திரையில் அடங்கிக் கிடக்கிறது. மனசு எப்படி இருக்கிறது என்பதைப் போகப் போக எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் என் தங்கப் பேத்தி மகிழினியும் அந்த டப்ளின் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க மயிலம் முருகன் துணை. சுகம் விசாரித்தாகிவிட்டது, இனி விஷயம். வருகிற திங்கட்கிழமை உன் புத்தகம் அச்சுக்குப் போகிறது என்று சொன்னாயே, அதில் நாலாவது அத்தியாயத்தைக் கொடுக்காதே. நிறுத்தி வை. ஏன் என்று கேட்டு உடனே போன் போடாதே, இந்தக் கடிதத்தை முழுக்கப் படி. போனில் பேசினால் நான் மறுபடி எதையாவது கூட்டிக் குறைத்துச் சொல்லிவிடுவேன், என் வாய் அப்படி. பேனா பிடித்தால் கை மெதுவாகப் போகிறது, அதனால் பொய் சொல்லவும் நேரம் ஆகிறது, அதற்குள் வெட்கம் வந்துவிடுகிறது. தபாலில் போட்டால் உனக்குக் கிடைக்க பதினைந்து நாள் ஆகும். எழுதி முடித்ததும் நாலுமுனை ரோட்டு ஜெராக்ஸ் கடையில் கொடுத்து உன் வாட்ஸ்அப்புக்கு அனுப்பச் சொல்கிறேன், அந்தப் பெண் நல்லவள், படிக்காமல் அனுப்புவாள் என்று நம்புகிறேன்.

ஒரு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நீ போனில் கேட்டு நான் சொன்ன சமையலைத்தான் புத்தகம் ஆக்கியிருக்கிறாய். எனக்கு அது எவ்வளவு பெருமை என்று உனக்குத் தெரியும், அஞ்சாம் வகுப்போடு நின்றவள் சொன்னதை அச்சுப் போடுகிறார்கள் என்று இந்தத் தெருவில் சொல்லாத வீடு பாக்கியில்லை. முன்னுரையை நீ படித்துக் காட்டினாய், அம்மா சமைப்பதும் நான் எழுதுவதும் ஒரே வேலைதான், கையில் இருப்பதை வைத்துக்கொண்டு இல்லாத ஒன்றை உண்டாக்குவது என்று எழுதியிருந்தாய், நான் புடவைத் தலைப்பில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அப்புறம் அந்த நாலாவது அத்தியாயம். மல்லாட்டை என்னும் வேர்க்கடலை பிடுங்கும் நாளில் பதினாலு பேருக்கு வைத்த கருவாட்டுக் குழம்பு அடிப்பிடித்துப் போனது, அம்மா பதறாமல் மேலாக மட்டும் எடுத்து வேறு சட்டியில் மாற்றி, மல்லாட்டையை வறுத்து அரைத்து ஊற்றிக் காப்பாற்றினாள், அந்தத் தீய்ந்த வாசனைதான் எங்கள் வீட்டுக் குழம்பின் வாசனை என்று அழகாக எழுதியிருந்தாய். அதை மகிழினி பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று சொன்னாள் என்று வீடியோ அனுப்பினாய். ஆயா நீ சூப்பர் ஆயா என்று கட்டை விரலைக் காட்டினாள் குழந்தை. அந்த வீடியோவை நான் நாற்பது தடவை பார்த்தேன், இப்போது பார்க்க முடியவில்லை. கலை, அந்தக் குழம்பை நான் காப்பாற்றவில்லை.

அன்றைக்கு நடந்ததை எனக்குத் தெரிந்த வரைக்கும் முதலில் சொல்கிறேன், தெரியாமல் இருந்ததை அப்புறம் சொல்கிறேன். உனக்கு நாலு வயசு. அப்போது நாம் எல்லோரும் திண்டிவனம் பக்கத்தில் ஊரில் ஒரே வீட்டில் இருந்தோம், உன் பாட்டி, விருத்தாசலம் பெரியப்பா, வெள்ளையம்மாள் பெரியம்மா, நாங்கள். ஏரிக்கரை நிலத்தில் மல்லாட்டை பிடுங்க ஆள் வந்திருந்தார்கள், அவர்களுக்கு மத்தியானம் கேப்பைக் களியும் குழம்பும் நாம் போட வேண்டும். பெரியம்மா களி கிளறப் போனார்கள், குழம்பைப் பார்த்துக்கொள் என்று என்னிடம் விட்டார்கள். நான் மிளகாய்த்தூள் பொட்டலத்தைப் பிரித்தேன், அந்தக் காகிதத்தில் ஒரு கதை இருந்தது. ஒரு பெண் புருஷன் வீட்டை விட்டு ரயிலேறப் போகிறாள், ஸ்டேஷனில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், அவ்வளவுதான், காகிதம் கிழிந்திருந்தது. யார் கூப்பிட்டது என்று தெரியாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரே கடைச் சாமான்தானே என்று புளிப் பொட்டலத்தைப் பிரித்தேன், சீரகத்தைப் பிரித்தேன், வெந்தயத்தையும் கொட்டிப் பார்த்தேன், ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொரு காகிதமாக வைத்துத் தேடிக்கொண்டிருந்தேன். மூக்கில் ஏறின பிறகுதான் திரும்பிப் பார்த்தேன், சட்டி கரிந்து புகைகிறது. அடி மட்டும் இல்லை, முழுக்கவே கசந்துவிட்டது. பெரியம்மா ஓடி வந்தார்கள், என் கையில் இருந்த காகிதத்தையும் பார்த்தார்கள், சட்டியையும் பார்த்தார்கள், திட்டவில்லை. “கெங்கா, நீ நெலத்தாண்ட போயி ரெண்டு படி மல்லாட்டை உரிச்சிக்கினு வா, ஜல்தியா வராத, நெதானமா வா” என்றார்கள். நான் திரும்பி வந்தபோது வேறு சட்டியில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. மேலாக எடுத்து மாற்றிவிட்டேன் என்றார்கள், நான் கொண்டு வந்த மல்லாட்டையை வறுத்து அரைத்து ஊற்றினார்கள். பதினாலு பேரும் சாப்பிட்டார்கள், அப்படி ஒரு சந்தோஷம் அவர்களுக்கு, ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள், இன்னும் ஊத்து இன்னும் ஊத்து என்கிறார்கள். உன் பாட்டி வந்து யார் வைத்த குழம்பு என்று கேட்டார்கள். பெரியம்மா சட்டியை விட்டுக் கண்ணைக்கூட எடுக்காமல் “கெங்காதான் வச்சா அத்த” என்றார்கள். அன்றிலிருந்து அந்தக் குழம்பு என் குழம்பு ஆனது. விசேஷம் என்றால் கெங்கா வைக்கட்டும், விருந்தாளி என்றால் கெங்கா வைக்கட்டும். நானும் வைத்தேன். நன்றாகத்தான் வந்தது, ஆனால் அன்றைக்கு வந்த அந்தப் புகை வாசனை மட்டும் ஒருநாளும் வரவில்லை, அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

போன தை மாசம் நீ போனில் கேட்டாயே, அடிப்பிடித்துவிட்டது சரி, அப்புறம் யார் காப்பாற்றியது என்று. என் வாயில் பெரியம்மா பெயர் வரவேண்டும். வரவில்லை. உன் கல்யாணப் பத்திரிகையை முறையாகத் தட்டில் வைத்துக் கொடுக்காமல், வீடு பூட்டியிருக்கிறது என்று உன் அப்பா கதவு இடுக்கில் சொருகிவிட்டு வந்தார் பார், அதிலிருந்து அவர்கள் கல்யாணத்துக்கும் வரவில்லை, ஒன்பது வருஷமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. பேச்சில்லாதவர்களின் பெயரை எதற்குச் சொல்ல வேண்டும் என்று நாக்கு தானாக நானே என்றது. சொன்னதும் நீ அந்தப் பக்கம் ஆகா என்றாய், உன் பேனா ஓடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. அவ்வளவுதான், அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ கேட்காமலேயே இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொன்னேன். விருந்தாளி கூட வந்தால் குழம்பில் தண்ணீர் ஊற்றி நீட்டுவோமே, அப்படி நீட்டினேன்.

போன வாரம் நீ அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து பேஸ்புக்கில் போட்டாய். ஊரில் ஜெசிந்தா இருக்கிறாள் இல்லையா, உனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவள், ராயப்பன் மகள், இப்போது வீடு வீடாகப் போய் பிரஷர் சுகர் பார்க்கிற வேலையில் இருக்கிறாள். பெரியம்மாவுக்கு பிரஷர் பார்க்க வந்த இடத்தில், உங்க கலை எழுதினது என்று அதை முழுக்க வாசித்துக் காட்டியிருக்கிறாள். சனிக்கிழமை எனக்கு ஒரு போன் வந்தது. ஜெசிந்தாவின் நம்பர், பேசினது பெரியம்மா. ஒன்பது வருஷம் கழித்து அந்தக் குரல். “கெங்கா, அது அப்டி நடக்கல. ஒரு நட ஊட்டாண்ட வந்துட்டுப் போ” என்று சொல்லி வைத்துவிட்டார்கள். அவர்கள் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போட்டுக்கொண்டேன் என்பதற்குத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தேன். நேரில் போக தைரியம் இல்லை. கடிதம் எழுதிக் கொடுத்தனுப்பலாம் என்று ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி உட்கார்ந்தேன். முதல் கடிதத்தில் நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று காரணம் காரணமாக எழுதினேன், படித்துப் பார்த்தால் புளி அதிகமான ரசம் மாதிரி பல் கூசியது. இரண்டாவதில் தண்ணீர் ஊற்றினேன், மன்னித்துக்கொள்ளுங்கள் மன்னித்துக்கொள்ளுங்கள் என்று எட்டு தடவை, ஒரு ருசியும் இல்லை. மூன்றாவதில் பழைய கதையெல்லாம் போட்டு கல்யாண வீட்டுக் கூட்டு மாதிரி ஆக்கிவிட்டேன், எந்தக் காய் எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. உன் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். “உப்பு பாத்தியா?” என்று கிண்டல் பண்ணினார். கிண்டல்தான், ஆனால் சரியாகக் கேட்டார். சமைக்கும்போது உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்க்கிறோம், எழுதினதை அப்படிப் பார்க்கப் பயமாக இருந்தது. மூன்றையும் கிழித்தேன்.

கடிதம் வரவில்லை என்றால் குழம்பாவது கொண்டு போவோம் என்று திங்கட்கிழமை விடியலில் கருவாட்டுக் குழம்பு வைத்தேன். அன்றைய வாசனை வேண்டும் என்று வேண்டுமென்றே கொஞ்சம் அடிப்பிடிக்க விட்டேன். உனக்கு ஒன்று சொல்கிறேன், தெரியாமல் தீய்ந்தால் ஒரு வாசனை, தெரிந்தே தீய்த்தால் வெறும் கரி. அதைக் கொட்டிவிட்டு மறுபடி வைத்து, தூக்கில் ஊற்றிக்கொண்டு, உன் அப்பாவிடம் கண் டாக்டரிடம் போகிறேன் என்று சொல்லிவிட்டு திண்டிவனம் பஸ் ஏறினேன். திண்டிவனத்தில் டவுன் பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் நின்றேன். இரண்டு தடவை விழுப்புரம் பஸ் பக்கம் திரும்பிப் போய்விடலாமா என்று நடந்தேன். தூக்கின் சூடு இடுப்பில் பட்டுக்கொண்டே இருந்தது, அதனால்தான் நின்றேன்.

பெரியம்மா கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்கள். இளைத்துவிட்டார்கள் கலை, எலும்பும் கண்ணும்தான் இருக்கிறது. என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. “வாடி. பத்திரிக்க வைக்கவா வந்த?” என்றார்கள். செருப்பைக் கழற்றிய இடத்திலேயே நின்றேன். “கதவு சந்து அங்க கீது, சொருகிட்டுப் போறதுன்னா போ” என்றார்கள். நான் தூக்கைத் திறந்து முன்னால் வைத்தேன். ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்கள், இன்னொரு தடவை தொட்டார்கள், கண்ணை மூடிக்கொண்டார்கள். “மல்லாட்ட கீது. புளி கீது. அம்சா இல்ல” என்றார்கள். எந்த அம்சா என்று கேட்டேன். “எந்த அம்சாவா? ராயப்பன் பொண்டாட்டி அம்சா. ஜெசிந்தா அம்மா. அன்னிக்கு நீ ஊத்தி மூடினது ஒரு சொட்டு கூட தேறலடி, நாயி கூட மோந்து பாக்காது. உன்ன நெலத்துக்கு அனுப்பிட்டு நான் அம்சாவதான் கூப்ட்டேன். மல்லாட்ட பிடுங்க வந்திருந்தா இல்ல, காலையிலயே ஆக்கி வச்சிட்டு வந்திருந்தா. பொழக்கட பக்கமா அவ சட்டியத் தூக்கிக்கினு வந்து நம்ம சட்டியில ஊத்துனா. பத்தாதுன்னு மல்லாட்டைய அரச்சி நான் நீட்டுனேன். அதான் உன் கொழம்பு” என்றார்கள். காலனி வீட்டுக் குழம்பு. நம் வீட்டுச் சட்டியில். உன் பாட்டி உயிரோடு இருந்த காலத்தில். கலை, உனக்கு இது இப்போது ஒன்றும் இல்லாமல் இருக்கலாம், அன்றைக்கு அது தெரிந்திருந்தால் சட்டியை உடைத்து, வீட்டைக் கழுவிவிட்டு, பெரியம்மாவை அவர்கள் அம்மா வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். பெயரை ஏன் என் தலையில் வைத்தீர்கள் என்று கேட்டேன். நான்தான் வைத்தேன் என்று சொன்னால் மறுநாளே அதே மாதிரி வை என்பார்கள், தனக்கு வராது, நீ சின்னவள், தப்பாக வந்தாலும் கை மறந்துவிட்டது என்பார்கள் என்று சொன்னார்கள். பாட்டி செத்த பிறகாவது என்னிடம் சொல்லியிருக்கலாமே என்றேன். “அதுக்குள்ள நீ கொழம்புக்காரி ஆயிட்டியேடி, ஊரே உன்ன மெச்சிக்கினு இருந்துச்சி. சரி, சொல்லிக்கினு இருந்தா இன்னா இல்லன்னா இன்னான்னு உட்டுட்டேன். ஆனா புக்குல போட்டா எப்டி உடறது? ஜெசிந்தா இங்கதான் குந்திக்கினு படிச்சா. அவ அம்மா கொழம்ப அவளே படிக்கிறா, பேரு உன் பேரு. முடிச்சிட்டு, நல்லா எழுதிக் கீறாங்க பெரிம்மான்னு போனை மூடிட்டு என் கையில பிரஷர் பட்டய கட்டுனா. நூத்தி எண்பது காட்டிச்சி” என்றார்கள். அவளுக்குத் தெரியுமா என்று கேட்டேன். “அதத்தான்டி நம்ம ரெண்டு பேரும் போயி கேக்கணும்” என்று சொல்லி, கீரையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து செருப்பைத் தேடினார்கள்.

எனக்கு அறுபத்தி நாலு வயசாகிறது, அந்தத் தெருவுக்குள் நான் போனதே இல்லை. ஏரிக்கரையில் அந்தப் பக்கம் திரும்புகிற இடத்தில் கால் தயங்கியது, பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்கள், பாசத்தில் இல்லை, நான் ஓடிவிடுவேன் என்று. அம்சா வாசலில் மரக்காணத்துக் கருவாட்டை முறத்தில் காய வைத்துக்கொண்டிருந்தாள். என்னைவிட ஆறு வயசு மூத்தவள், இத்தனை வருஷமும் நான் வாடி போடி என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன், அன்றைக்கு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் கூப்பிடாமலேயே நின்றேன். உள்ளே கூப்பிட்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டாள். ஜெசிந்தாவும் இருந்தாள். பெரியம்மா வந்த விஷயத்தை உடைத்துச் சொன்னார்கள், நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்சாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இத்த சொல்லவா வெயில்ல வந்தீங்க? எல்லாருக்கும் தெரியும்மா. பதினாலு பேரு துன்னாங்க, அதுல எட்டு பேரு எங்க தெரு. என் கொழம்பு அவங்களுக்குத் தெரியாதா? பெரியூட்டு சட்டியில அம்சா கொழம்பு ஊத்தறாங்கடின்னு அன்னிக்கு நெலத்துல சிரிச்ச சிரிப்பு இருக்கே! ரெண்டு வருசம் அதச் சொல்லியே சிரிச்சிக்கினு இருந்தோம்” என்றாள். அன்றைக்கு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள் என்று எழுதினேனே, நீயும் அதைப் புத்தகத்தில் என் கைப்பக்குவத்துக்குக் கிடைத்த பாராட்டு என்று எழுதியிருக்கிறாய். எனக்கு முகம் எரிந்தது. அதோடு முடிந்திருந்தால் நானும் சிரித்துவிட்டு வந்திருப்பேன். ஜெசிந்தா சொன்னாள், “நான் சிரிக்கல.” அம்சா சும்மா இருடி என்றாள். அவள் நிறுத்தவில்லை. “எனக்கு ஆறு வயசு. ஸ்கூல் உட்டு வந்தேன், சட்டி இல்ல. எங்க கொழம்புன்னு கேட்டா தம்பி, பெரியூட்டம்மா எட்த்துக்கினு போய்ட்டாங்கன்றான். ரெண்டு பேரும் உப்பத் தொட்டுக்கினு களி துன்னோம். கலை நல்லாத்தான் எழுதறா. அவ இத்த எழுதுவாளா, கேட்டுச் சொல்லுங்க” என்றாள். குரலை உயர்த்தவில்லை, அழவும் இல்லை. அதைத்தான் நான் உன்னிடம் கேட்கிறேன். எழுதுவாயா?

இன்னொன்றும் நடந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அம்சா டீ போட்டு இரண்டு டம்ளரில் கொண்டு வந்து வைத்தாள். என் வாய், இப்போதுதான் குடித்துவிட்டு வந்தோம் என்றது. யோசித்துச் சொல்லவில்லை, தானாக வந்தது. பக்கத்தில் பெரியம்மா டம்ளரை எடுத்து ஒரே மூச்சில் குடித்து வைத்தார்கள். நான் பொய் சொன்னது அந்தச் சத்தத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அம்சா என் டம்ளரை எடுத்து அவளே குடித்துவிட்டாள். அதற்குப் பிறகும் அவள் குழம்பு எப்படி வைப்பது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தாள் பார், அதுதான் தாங்க முடியவில்லை. பனமட்டை அடுப்பு வேண்டுமாம். கருவாட்டை முதலில் தணலில் சுட்டுத் தட்டிக் கடைசியில் போட வேண்டுமாம். நான் வைக்கிற விதத்தைக் கேட்டுவிட்டு, நீங்க மொதல்லயே போட்டு கொதிக்க வுடுறீங்க, அதான் உங்களுக்கு வாசன வரல என்றாள். முப்பது வருஷமாக நான் தீய்ந்த வாசனை என்று நினைத்தது அவள் அடுப்பின் புகை.

செவ்வாய்க்கிழமை உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கண் டாக்டர் பொய்யையும் சேர்த்து. கேட்டுக்கொண்டே இருந்தவர் கடைசியில், அந்த ஊட்டுக் கொழம்பையா நான் துன்னுக்கினு இருந்தேன் என்றார். முப்பது வருஷமாக நல்லா கீதுன்னு சொல்லித்தான துன்னீங்க என்று கேட்டேன். எழுதாதே, விட்டுவிடு, நம் சொந்தக்காரர் நாலு பேர் படிப்பான், ஊரில் எப்படித் தலைகாட்டுவது என்றார். நம் ஊர்த் தெருவில் ஜெசிந்தா தினம் தலைகாட்டவில்லையா என்று கேட்டேன். அப்புறம், அவ புத்தகம் அவ இஷ்டம், எங்கம்மா பேரு மட்டும் வரக்கூடாது என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். இரண்டு நாளாக என்னோடு பேச்சில்லை, சோற்றில் மோர் மட்டும் ஊற்றிக்கொள்கிறார். அவர் சொன்னதில் ஒன்றை நான் ஒத்துக்கொள்கிறேன், பாட்டியின் பெயரைப் போடாதே. பாட்டி மேல் எங்களுக்கு இருந்த பயத்தைப் போடு, அது இல்லாமல் பெரியம்மா ஏன் பொய் சொன்னார்கள் என்று படிக்கிறவர்களுக்குப் புரியாது.

உன் முன்னுரையைப் பற்றி ஒரு வார்த்தை. சமைப்பதும் எழுதுவதும் ஒன்று என்கிறாய். பாதி சரி. இந்தக் கடிதத்தை நான் நேற்றிலிருந்து எழுதுகிறேன், அடுப்பை விட்டு நகர்ந்தால் பிடித்துவிடுவது போல நோட்டை விட்டு எழுந்தால் இதுவும் பிடித்துவிடுகிறது, திரும்பி வந்தால் வேறு யாரோ எழுதினது மாதிரி இருக்கிறது. உப்பைப் போடலாம், எடுக்க முடியாது, வார்த்தையும் அப்படித்தான். மீதிப் பாதி எனக்குச் சரியாகப் படவில்லை. குழம்பில் ஏதாவது தப்பு இருந்தால் சாயங்காலத்துக்குள் வயிறு சொல்லிவிடும். நான் உன்னிடம் சொன்ன தப்பு எழுத்தில் போய் உட்கார்ந்து மணக்க மணக்க இருக்கிறது, படித்தவர்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்கிறார்கள், என் பேத்தி கட்டை விரலைக் காட்டுகிறாள். ஒருவர் வயிறும் வலிக்கவில்லை, ஜெசிந்தாவைத் தவிர. கையில் இருப்பதை வைத்து இல்லாததை உண்டாக்குவது என்று எழுதினாயே, அன்றைக்கு எங்கள் கையில் ஒன்றுமே இல்லை கலை, கரிந்த சட்டிதான் இருந்தது. கையில் வைத்திருந்தவள் அம்சா. அந்த வரியை மாற்று.

நீ கோபப்படுவாய் என்று தெரியும். புத்தகத்துக்கு அட்டையில் என் போட்டோ, பின்னால் என் கைமணம் என்று இரண்டு வரி, பதிப்பகத்துக்காரர்களிடம் என்ன சொல்வாய் என்றெல்லாம் நானும் நினைத்துப் பார்த்தேன். வேண்டுமென்றால் அந்த அத்தியாயத்தையே எடுத்துவிடு, மற்ற பதினொன்றும் நான் சொன்ன மாதிரிதான் நடந்தது, சத்தியம். ஆனால் எடுத்துவிட்டால் ஜெசிந்தா கேட்டதற்குப் பதில் இல்லாமல் போய்விடும். எழுதுவதாக இருந்தால் மூன்று பேரையும் எழுது, காகிதத்தில் கதை தேடிக் குழம்பைக் கரியாக்கினவள் கெங்கம்மாள், கொடுத்தவள் அம்சா, ஊற்றி நீட்டி மறைத்தவர்கள் வெள்ளையம்மாள். உப்பைத் தொட்டுக்கொண்டு களி சாப்பிட்ட இரண்டு குழந்தைகளையும் எழுது. என்னை நல்லவளாக்கி ஒரு வரி கூடச் சேர்க்காதே. மகிழினியிடம் நீ சொல்லாதே, ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் நானே சொல்கிறேன். அவள் முகம் எப்படிப் போகுமோ என்று நினைத்தால் உன் அப்பா பேசாமல் இருப்பதெல்லாம் ஒன்றுமே இல்லை என்று தோன்றுகிறது. அவள் விரலை மடக்கிக்கொண்டாலும் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அம்சா ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள். என்ன எழுதினாலும் அச்சுக்கு முன்னால் அவள் காதால் கேட்க வேண்டுமாம், அவளுக்கும் பெரியம்மாவுக்கும் படிக்கத் தெரியாது. அதனால் சனிக்கிழமை நம் நேரம் சாயங்காலம் நாலு மணிக்கு, உங்களுக்குக் காலை பத்தரை, ஜெசிந்தாவின் நம்பருக்குப் போன் போட்டு நீயே வாய்விட்டு வாசிக்க வேண்டும். நம்பரைப் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். உனக்கு எழுத நாளைக்கு ஒரு பகல்தான் இருக்கிறது, அடுப்பில் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்காதே. அவர்கள் நடுவில் நிறுத்துவார்கள், திட்டுவார்கள், ஜெசிந்தா எழுந்து போனாலும் போவாள், நீ குரல் நடுங்காமல் கடைசி வரைக்கும் படி.

நீயும் மாப்பிள்ளையும் குறைவில்லாமல் வாழ வேண்டும், என் பேத்தி நல்ல வார்த்தை பேசி நல்ல வார்த்தை கேட்டு வளர வேண்டும், உன் பேனா பிடிக்கிற கை நன்றாக இருக்க வேண்டும். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ. சனிக்கிழமை நான் மத்தியானமே அம்சா வீட்டுக்குப் போய்விடுவேன். சாப்பிட வருகிறேன் என்று ஜெசிந்தாவிடம் நேற்று போனில் சொன்னேன், அவள், அம்மாகிட்ட சொல்றேன் என்று மட்டும் சொன்னாள். உன் அப்பாவிடமும் சொல்லிவிட்டேன், அன்றைக்கு வீட்டில் அடுப்பு எரியாது, எனக்கு அங்கே சாப்பாடு என்று.

இப்படிக்கு,
உன் அம்மா,
கோ. கெங்கம்மாள்.